பன்னிரண்டு கூடைகள்

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான சகோதர சகோதரிகளே,

இந்த மாதமும் இந்தச் சிறிய எழுப்புதல் மடலின் மூலமாக உங்களோடு பேசுவதற்குக் கிருபை தந்த தேவனை ஸ்தோத்திரிக்கிறேன். நம்முடைய வருடாந்தர கன்வென்ஷன் கூட்டங்கள் நெருங்கிவிட்டன. உபவாச ஜெபங்களும் முழு இரவு ஜெபங்களும் நடந்துகொண்டிருக்கின்றன. இந்த ஜெப நாட்களில் ஆவியானவர் என் உள்ளத்தில் திரும்பத் திரும்ப வைத்த ஒரு வார்த்தையை இன்றைக்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இது நாம் வழக்கமாகக் கேட்கிற செய்தி அல்ல. ஆனாலும் வேதத்திற்குள் இருக்கிற செய்திதான். பொறுமையாக வாசியுங்கள்.

அற்புதத்திற்குப் பின் ஒரு கட்டளை

ஐந்து அப்பம், இரண்டு மீன். இதைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூட ஒப்புவிக்கும். சிறு பையன் கொடுத்தான், ஆண்டவர் ஆசீர்வதித்தார், ஐயாயிரம் புருஷர்கள் திருப்தியாய்ச் சாப்பிட்டார்கள். அல்லேலூயா! அந்த இடத்தில் நாம் பிரசங்கத்தை முடித்துவிடுகிறோம். ஆனால் ஆண்டவர் அங்கே முடிக்கவில்லை. எல்லாரும் வயிறார உண்ட பிறகு, தம்முடைய சீஷர்களைக் கூப்பிட்டு, மீந்துபோன துண்டுகளில் எதையும் வீணாக்காமல் பொறுக்கி எடுக்கச் சொன்னார் (யோவான் 6:12). அவர்களும் போய்ப் பொறுக்கினார்கள். பன்னிரண்டு கூடை நிறைந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இதைச் சொன்னவர் யார்? அப்பத்தை உண்டாக்க வல்லவர். நாளைக்குத் தேவைப்பட்டால் இன்னும் ஐயாயிரம் பேருக்கு உண்டாக்குவார். அவருக்கு என்ன குறைச்சல்? "கிடக்கட்டும் விடுங்கப்பா, காக்கா குருவி தின்னட்டும்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சர்வவல்லமையுள்ளவர் சிக்கனமாய் இருந்தார். ஆகவே வீணாக்காமல் இருப்பது அவிசுவாசம் அல்ல, கஞ்சத்தனமும் அல்ல. அது இயேசுவின் குணம்.

இன்னொன்றும் பாருங்கள். அந்த இடத்தில் புல் நிறைய இருந்தது என்று யோவான் எழுதியிருக்கிறார். பசும்புல் என்று மாற்கு எழுதுகிறார். ஜனங்கள் நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் வரிசையாய் உட்கார்ந்தார்கள். கூட்டம் முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகு அந்தப் புல்வெளி எப்படி இருந்திருக்கும்? கூட்டம் நடந்த அடையாளமே தெரியாமல் சுத்தமாய் இருந்திருக்கும். அப்பத்தைப் பெருக்குவது ஆண்டவருடைய வேலை. மீதியைப் பொறுக்குவது சீஷனுடைய வேலை. அற்புதத்திற்கு "ஆமென்" சொல்லுகிற நாம், இந்தக் கட்டளைக்கு "ஆமென்" சொல்லுகிறோமா? இதுதான் என் கேள்வி.

நாம் சொந்தக்காரர் அல்ல, உக்கிராணக்காரர்

இந்தப் பூமியும் இதில் வாழுகிற யாவும் கர்த்தருக்கே சொந்தம் என்று 24-ஆம் சங்கீதத்தில் தாவீது பாடினார். அப்படியானால் நம் பெயரில் பட்டா இருக்கிற நிலம்கூட நம்முடையது அல்ல. நாம் உக்கிராணக்காரர். எஜமானுடைய பொருளுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள்.

தேவன் ஆதாமை ஏதேனில் வைத்தபோது, அந்தத் தோட்டத்தைப் பயிர்செய்து பாதுகாக்கும் பொறுப்பை அவன் கையில் கொடுத்தார் (ஆதியாகமம் 2:15). இது பாவம் உலகத்தில் வருவதற்கு முன்னே கொடுக்கப்பட்ட ஊழியம். பிரசங்கபீடம் வருவதற்கு முன்னே, பலிபீடம் வருவதற்கு முன்னே, மனுஷனுக்குக் கிடைத்த முதல் ஊழியம் தோட்ட வேலை!

நியாயப்பிரமாணத்தையும் திறந்து பாருங்கள். யுத்தத்திற்குப் போகிற சேனைக்கு ஒரு கட்டளை. பட்டணத்தை முற்றிக்கைபோட்டிருக்கும் நாட்களிலும் அங்கே இருக்கிற கனிமரங்கள்மேல் கோடரியை ஓங்கக் கூடாது (உபாகமம் 20:19). சத்துருவின் ஊரில் நிற்கிற மரத்துக்குக்கூட நம் தேவன் பரிந்து பேசுகிறார்! ஆறு வருஷம் விதைத்தபின் ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார் (லேவியராகமம் 25). ஜனங்கள் கேட்கவில்லை. என்ன ஆயிற்று? அவர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனார்கள். அந்த எழுபது வருஷமும் தேசம் பாழாய்க் கிடந்து, தனக்குச் சேரவேண்டிய ஓய்வைத் தானே எடுத்துக்கொண்டது (2 நாளாகமம் 36:21). நிலத்துக்குக் கொடுக்கவேண்டியதை நாம் கொடுக்காவிட்டால் அது ஒருநாள் வட்டியோடு வசூலிக்கும். இதை நான் சொல்லவில்லை, வேதம் சொல்லுகிறது.

"அவர்தான் சீக்கிரம் வரப்போகிறாரே!"

ஒரு சகோதரன் என்னிடத்தில் வந்து நேராகவே கேட்டார். "பாஸ்டர், ஆண்டவர் சீக்கிரமா வரப்போறார். இந்தப் பூமி எப்படியும் அக்கினிக்கு இரையாகப் போகுது. இதுல மரம் நடு, தண்ணியைச் சேமின்னு பேசிட்டிருந்தா ஆத்தும ஆதாயம் என்ன ஆகும்? இதெல்லாம் உலகத்தார் பேசுற பேச்சு இல்லையா?"

நல்ல கேள்வி. உங்களில் பலருடைய மனதிலும் இருக்கிற கேள்வி. ஆண்டவருடைய வருகையை நான் விசுவாசிக்கிறேன், எதிர்பார்க்கிறேன், பிரசங்கிக்கிறேன். ஆனால் அந்த வருகையின் விசுவாசமே நம்மைப் பொறுப்புள்ளவர்களாக்க வேண்டும். வாடகை வீட்டில் இருக்கிறோம், அடுத்த மாதம் காலி செய்யப் போகிறோம். அதற்காகச் சுவரை இடித்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அறைகளில் குப்பையைக் குவித்துவிட்டா போவோம்? வீட்டுக்காரர் வரும்போது முகத்தைப் பார்த்துச் சாவியைக் கொடுக்க வேண்டாமா?

நோவாவை நினைத்துப் பாருங்கள். உலகம் ஜலத்தினால் அழியப்போகிறது என்று தேவனே அவனிடத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, "அழியத்தானே போகிறது, மிருகங்களை விட்டுவிடு" என்றா சொன்னார்? ஊரும் பிராணி உட்பட எல்லாவற்றிலும் ஜோடு ஜோடாய்ப் பேழைக்குள் காப்பாற்றச் சொன்னார். வெள்ளம் வடிந்தபின் வில்லை மேகத்தில் வைத்து உடன்படிக்கை பண்ணினாரே, அது மனுஷனோடு மாத்திரம் பண்ணின உடன்படிக்கை அல்ல. சகல ஜீவராசிகளோடும் பண்ணினது (ஆதியாகமம் 9). எரேமியாவையும் பாருங்கள். எருசலேம் விழப்போகிற நேரத்தில் அவன் ஆனதோத்தில் நிலம் வாங்கிப் பத்திரம் எழுதி வைத்தான்! விசுவாசம் தேசத்தைக் கைவிடாது.

கடைசியாக ஒரு வசனம். வெளிப்படுத்தின விசேஷம் 11:18-ஐ உங்கள் வேதத்தில் திறந்து நீங்களே வாசியுங்கள். நியாயத்தீர்ப்பின் நாளில் பூமியைக் கெடுத்தவர்களுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு என்று அங்கே எழுதியிருக்கிறது. வருகையை எதிர்பார்க்கிறவன் இந்த வசனத்தை மாத்திரம் தாண்டிப்போக முடியுமா?

நாம் மரத்தையும் நதியையும் ஆராதிக்கிறவர்கள் அல்ல. சிருஷ்டிகரை ஆராதிக்கிறோம். ஆனால் ஒருவரை நேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் கையால் செய்ததை மிதித்துப்போட்டால், அந்த நேசத்தை யார் நம்புவார்?

மழைக்காக ஜெபிக்கிறோம்; வாய்க்கால் வெட்டுகிறோமா?

2019-ஆம் வருஷத்தை நாம் மறக்கக்கூடாது. அந்தக் கோடையில் சென்னைப் பட்டணத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. நடுராத்திரியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தாய்மார் லாரிக்காகக் காத்திருந்தார்கள். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர். தண்ணீர் ரயில் ஏறி வந்த காலத்தை நம் கண்கள் பார்த்தன! அதே பட்டணம் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. நாலு வருஷத்துக்குள் ஒரே ஊர், ஒருமுறை தண்ணீரால் தவித்தது, ஒருமுறை தண்ணீருக்காகத் தவித்தது. வானம் கொடுக்கவில்லை என்று மாத்திரம் சொல்ல முடியுமா? கொடுத்ததைப் பிடித்துவைக்க நம்மிடத்தில் பாத்திரம் இல்லை.

சபைகள் மழைக்காக ஜெபித்தன. நல்லதுதான். எலியா ஜெபித்தான், மழை வந்தது. ஆனால் எலிசாவின் காலத்தில் நடந்ததையும் வாசியுங்கள் (2 இராஜாக்கள் 3). மூன்று ராஜாக்களின் சேனைகள் தண்ணீரில்லாமல் தவித்தன. தீர்க்கதரிசி வாத்தியம் வாசிக்கிறவனை அழைத்தான், கர்த்தருடைய கரம் அவன்மேல் இறங்கியது. நல்ல அபிஷேகக் கூட்டம்! அப்பொழுது வந்த தீர்க்கதரிசனம் என்ன? இந்தப் பள்ளத்தாக்கு எங்கும் வாய்க்கால்களை வெட்டுங்கள் என்பதே. காற்றையும் காணாமல் மழையையும் காணாமல் பள்ளத்தாக்கு தண்ணீரால் நிரம்பும் என்று சொன்ன தேவன், முதலில் மண்வெட்டியை எடுக்கச் சொன்னார். தண்ணீர் அவர் அனுப்பினார். பள்ளம் இவர்கள் வெட்டினார்கள்.

நம் ஆராதனைக் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 சதுர அடி கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். 15 லிட்டர் குடத்தில் 60 குடத்துக்கு மேல்! வருஷத்தில் 90 சென்டிமீட்டர் மழை பெய்கிற ஊரில் அந்த ஒரே கூரையில் விழுகிறது 80,000 லிட்டருக்கு மேலே. அது தெருவில் ஓடி, சாக்கடையில் கலந்து, வீணாய்ப் போகிறது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழாய் இருக்கிறது, ஆனால் உள்ளே இலையும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறது. ஈசாக்கு என்ன செய்தான்? தன் தகப்பன் ஆபிரகாம் வெட்டின கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணால் மூடிப்போட்டார்கள். ஈசாக்கு அவைகளை மறுபடியும் தோண்டினான் (ஆதியாகமம் 26:18). நம்முடைய கிணற்றை எந்தப் பெலிஸ்தனும் மூடவில்லை. நாம்தான் கவனிக்காமல் விட்டு மூடிப்போனது.

வீட்டுக்குள்ளும் வாருங்கள். சொட்டுகிற ஒரு குழாய் பத்து நிமிஷத்தில் 200 மில்லி டம்ளரை நிரப்பினால், ஒரு நாளில் 144 டம்ளர். ஏறக்குறைய இரண்டு குடம். ஒரு வாஷருக்கு ஆகிற செலவு கொஞ்சம். உபவாச நாளில் நாம் வயிற்றை அடக்குகிறோம், குழாய் மாத்திரம் இரவும் பகலும் குடித்துக்கொண்டே இருக்கிறது!

மிதித்துக் கலக்கின தண்ணீர்

தென் மாவட்டத்தில் ஒரு ஊருக்குக் கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். மூன்று நாள் கூட்டம். கர்த்தர் வல்லமையாய்க் கிரியை செய்தார். கடைசி நாள் எல்லாருக்கும் விருந்து. மறுநாள் விடியற்காலையில் பஸ் பிடிக்க அந்த மைதானத்து வழியாக நடந்து வந்தேன். மைதானம் முழுக்க தெர்மோகோல் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட். பாதி வாய்க்காலுக்குள் கிடந்தது. ஒரு மூலையில் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புகை தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு பாட்டி தன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். என் கையில் வேதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "நல்லாத்தான் பாடினீங்க ஐயா. மூணு நாளும் நான் திண்ணையில உக்காந்து கேட்டேன். ஆனா உங்க சாமி இதை அள்ளச் சொல்லலையா?"

எனக்குப் பதில் வரவில்லை. அள்ளச் சொன்னாரே! யோவான் ஆறாம் அதிகாரத்தில் சொன்னாரே! பாட்டிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த அம்மா மூன்று நாள் சுவிசேஷத்தைக் கேட்டார்கள். நாலாம் நாள் காலையில் அவர்கள் கண்டது குப்பை. எது அவர்கள் மனதில் நிற்கும்?

எசேக்கியேல் 34-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம்முடைய ஆடுகளிடத்தில் ஒரு கேள்வி கேட்கிறார். நல்ல மேய்ச்சலை மேய்ந்தீர்கள், போதாதா? மிச்சத்தை ஏன் காலால் துவைக்கிறீர்கள்? தெளிந்த தண்ணீரைக் குடித்தீர்கள், போதாதா? மீதியை ஏன் கலக்கிவிடுகிறீர்கள்? மற்ற ஆடுகள் அதைத்தானே குடிக்க வேண்டும் என்கிறார். ஓநாயைப் பார்த்து அல்ல, தம்முடைய ஆடுகளைப் பார்த்தே இதைக் கேட்கிறார்! நமக்குப் பின்னால் குடிக்கப் போகிறவர்கள் யார்? பக்கத்துத் தெரு ஏழைகள். ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கிற கிராமத்தார். நம்முடைய பேரப்பிள்ளைகள். ஆகவே இது குப்பையைப் பற்றின காரியம் மாத்திரம் அல்ல. அயலானை நேசிக்கிற காரியம்.

ஒருதரம் பயன்படுத்தி எறிகிற 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. மேஜையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாள், தெர்மோகோல் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட் எல்லாம் அதில் அடக்கம். 2021 டிசம்பரில் மறுபடியும் மஞ்சப்பையைக் கையில் எடுங்கள் என்று அரசாங்கமே இயக்கம் தொடங்கியது. சட்டம் சொல்லுவதற்கு முன்னே சபை செய்திருக்க வேண்டிய காரியம் இது. அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ரோமர் 13-ஐப் பிரசங்கிக்கிற நாம், விருந்துக்கு ரகசியமாய்த் தெர்மோகோல் தட்டு வாங்கலாமா?

ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சாட்சி

"சபை இதையெல்லாம் செய்ய முடியுமா?" என்று கேட்கிறீர்களா? செய்த சபைகள் உண்டு. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே தேசம். அங்கே மஸ்விங்கோ மாகாணத்தில் சீயோன் சபைகள், அப்போஸ்தல சபைகள் என்று சொல்லப்படுகிற ஆவிக்குரிய சபைகள் இருக்கின்றன. வியாதியஸ்தருக்காக ஜெபிக்கிறவர்கள், தீர்க்கதரிசனத்தை விசுவாசிக்கிறவர்கள். பெரும்பாலும் ஏழைக் குடியானவர்கள். விறகுக்காகவும் விளைநிலத்துக்காகவும் காடுகள் வெட்டப்பட்டு, மலைச்சரிவுகளில் மண் அரித்து, ஊற்றுகள் வற்றிப்போயிருந்தன. 1990-களின் தொடக்கத்தில் இந்தச் சபைகள் ஒன்றாய்ச் சேர்ந்தன. மிஷனெரி குடும்பத்தில் அந்த தேசத்திலேயே வளர்ந்த இனுஸ் டானீல் என்ற வேத ஆசிரியர் அவர்களுக்குத் துணைநின்றார்.

அவர்கள் செய்ததைக் கேளுங்கள். திருவிருந்து ஆராதனைக்கு வரும்போது கையில் மரக்கன்றைக் கொண்டுவந்தார்கள். பந்தியில் சேருவதற்கு முன்னே பாவ அறிக்கை. பொய் சொன்னேன், களவு செய்தேன் என்று மாத்திரம் அல்ல. "மரத்தை வெட்டினேன், பதிலுக்கு ஒன்றும் நடவில்லை", "ஆற்றங்கரையை உழுது மண்ணைச் சரியவிட்டேன்" என்றும் அறிக்கையிட்டார்கள்! திருவிருந்தில் பங்குபெற்று, பிறகு எல்லாருமாய்ப் போய்க் கன்றுகளை நட்டார்கள். இப்படிப் பல லட்சம் மரங்கள் நடப்பட்டன. நட்டவை எல்லாம் பிழைத்துவிடவில்லை. தண்ணீரும் வேலியும் கிடைத்தவை வளர்ந்தன. அந்தப் பாடமும் நமக்கு வேண்டும்.

அவர்களிடத்தில் பெரிய பணம் இல்லை, பெரிய படிப்பு இல்லை. ஆனால் ஒன்று இருந்தது. போதகர் சொன்னால் கேட்கிற ஜனம். வாரந்தோறும் கூடுகிற ஜனம். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கிற ஜனம். அது நம்மிடத்திலும் இருக்கிறதே! அரசாங்கம் விளம்பரம் போடும், ஜனங்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சபை மனதை வைத்தால் குடும்பம் குடும்பமாய்ப் பழக்கமே மாறும். குடியிலிருந்து எத்தனை பேர் விடுதலையானார்கள் என்று நாம் சாட்சி சொல்லுகிறோம். குடிப்பழக்கத்தை விடவைத்த ஆவியானவர், குப்பையை எரிக்கிற பழக்கத்தை விடவைக்க மாட்டாரா?

நம்முடைய சபை என்ன செய்யலாம்?

மூப்பர்களோடும் சகோதரிகள் ஐக்கியத்தோடும் வாலிபர்களோடும் பேசினபடி, இந்தக் கன்வென்ஷனிலேயே ஆரம்பிக்க விரும்புகிறோம்.

முதலாவது, விருந்து வாழை இலையிலோ பாக்கு மட்டைத் தட்டிலோ பரிமாறப்படும். தண்ணீர் எவர்சில்வர் டம்ளரில். டம்ளர் கழுவ ஆள் வேண்டும். வாலிபத் தம்பிமாரே, மேடையில் கிட்டார் வாசிக்கிற கைகளைத் தொட்டியண்டையிலும் பார்க்க ஆசைப்படுகிறேன்! தூரத்திலிருந்து வருகிறவர்கள் வீட்டிலிருந்தே தண்ணீர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று முந்தின ஆராதனையிலேயே பெயர் கொடுங்கள். கணக்காய்ச் சமைப்போம். மீந்தால் அந்த நேரமே பசித்தவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இலைகளும் காய்கறிக் கழிவும் ஆலய வளாகத்து மூலையில் குழி வெட்டி உரமாகும். எதையும் கொளுத்தக் கூடாது.

மூன்றாவது, கூட்டம் முடிந்த ராத்திரியே மைதானம் சுத்தமாக வேண்டும். இதற்குப் பன்னிரண்டு குழுக்கள். "பன்னிரண்டு கூடை ஊழியம்" என்றே பெயர் வைத்துவிட்டோம். பிரசங்கியாரும் ஒரு கூடையைப் பிடிப்பார். நான் முதல் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறேன்.

நான்காவது, ஆலயக் கூரைத் தண்ணீர் முழுவதும் கிணற்றுக்குப் போகும்படி குழாய்களைச் சுத்தம்செய்து, வடிகட்டும் தொட்டியைச் சரிசெய்கிறோம். கொத்தனார், பிளம்பர் வேலை தெரிந்த சகோதரர்கள் உங்கள் ஒரு நாள் உழைப்பைக் காணிக்கையாகக் கொடுங்கள். பிறகு ஒருவருக்கொருவர் வீட்டிலும் போய்ச் செய்துகொடுங்கள். தனியாயிருக்கிற விதவைத் தாய்மார் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

ஐந்தாவது, இனிமேல் பிள்ளையைப் பிரதிஷ்டை பண்ணுகிற ஒவ்வொரு குடும்பமும், ஞானஸ்நானம் எடுக்கிற ஒவ்வொருவரும், ஸ்தோத்திரமாக ஒரு வேம்போ புங்கையோ பனங்கொட்டையோ நடட்டும். நட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதல்ல. இரண்டு கோடை அதற்குத் தண்ணீர் ஊற்றி வேலி காக்க வேண்டும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கணக்கு வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளிடத்தில் தப்பிக்க முடியாது!

ஆறாவதாக நான் சொல்லுவது உங்கள் வீட்டுக் காரியம். ஆவியின் கனி ஒன்பது என்று மனப்பாடமாய்ச் சொல்லுகிறோம். கடைசிக் கனி இச்சையடக்கம். அது கோபத்துக்கும் கண்ணுக்கும் மாத்திரமா? கடைக்குப் போகிற கைக்கும் அது வேண்டும். அலமாரி நிறையப் புடவை இருக்க மறுபடியும் ஒன்று ஏன்? ஆளில்லாத அறையில் பேன் ஏன்? நாலு தெரு தள்ளியிருக்கிற ஆலயத்துக்கு ஒரு வீட்டிலிருந்து மூன்று வண்டி ஏன்? கல்யாணத்தில் இருபது வகை பரிமாறி, பாதி இலையில் அப்படியே மூடப்படுவது யாருக்கு மகிமை? தேவையில்லாத பொருளை வாங்காமல் இருப்பதும் ஒரு உபவாசம்தான். போதுமென்கிற மனது பெரிய ஆஸ்தி என்று பவுல் தீமோத்தேயுவுக்குக் கற்றுக்கொடுத்தாரே.

ஒன்று தெளிவாய்ச் சொல்லிவிடுகிறேன். மரம் நட்டதினால் யாரும் இரட்சிக்கப்படுவதில்லை. இயேசுவின் இரத்தத்தினால் மாத்திரமே இரட்சிப்பு. ஆனால் இரட்சிக்கப்பட்டவனுடைய வாசலும் வாய்க்காலும் தட்டும் டம்ளரும் அந்த இரட்சிப்புக்குச் சாட்சி கொடுக்க வேண்டும்.

மூன்று பெருமூச்சுகள்

ரோமர் 8-ஆம் அதிகாரம் நமக்கு மிகவும் பிரியமான அதிகாரம். ஆவியானவர் வாக்குக்கு அடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று அங்கிருந்துதான் பிரசங்கிக்கிறோம். ஆனால் அந்த அதிகாரத்தில் இருப்பது ஒரு பெருமூச்சு அல்ல, மூன்று. 22-ஆம் வசனத்தில் சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறவளைப்போல முனகுகிறது. 23-ஆம் வசனத்தில் ஆவியின் முதற்பலனைப் பெற்ற நாம் பெருமூச்சு விடுகிறோம். 26-ஆம் வசனத்தில் ஆவியானவர். மூன்றும் ஒரே அதிகாரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக!

அபிஷேகம் பெற்ற பிள்ளைகளே, நாம் முழங்காலில் நின்று அந்நிய பாஷையில் கதறுகிறபோது, வெளியே வற்றிப்போன ஏரியும், புகையில் மூச்சுத் திணறுகிற தெருவும், வெட்டுப்பட்ட மரமும் முனகிக்கொண்டிருக்கின்றன. ஆவியானவருடைய பெருமூச்சைக் கேட்கிற காது, சிருஷ்டியின் முனகலைக் கேட்காமல் இருக்குமா? சிருஷ்டி எதற்காகக் காத்திருக்கிறது? தேவனுடைய பிள்ளைகள் வெளிப்படுவதற்காக என்று பவுல் எழுதுகிறார். நம்மைத்தான் எதிர்பார்த்து நிற்கிறது, பிரியமானவர்களே!

இந்தக் கன்வென்ஷனில் எழுப்புதல் வேண்டும் என்று ஜெபிக்கிறோம். வரும். நிச்சயமாய் வரும். அற்புதம் நடக்கும், வியாதியஸ்தர் குணமாவார்கள், ஆத்துமாக்கள் சேர்க்கப்படும். அந்த மகிமையான இரவுக்குப் பிறகு, விளக்குகள் அணைந்து ஜனங்கள் வீடு திரும்பும்போது, நம்முடைய ஆண்டவர் நம்மைக் கூப்பிட்டு மீதியைப் பொறுக்கச் சொல்லுவார். அப்போது உங்கள் கையில் ஒரு கூடை இருக்கட்டும்.

என்னோடுகூட ஜெபியுங்கள்:

அன்பின் பரலோகப் பிதாவே, நீர் எங்களுக்குக் கொடுத்த மண்ணுக்காகவும் தண்ணீருக்காகவும் காற்றுக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம். இவைகளை எங்களுடையது என்று எண்ணி வீணாக்காதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். உம்முடைய குமாரனின் சிக்கனத்தையும், உம்முடைய ஆவியின் இச்சையடக்கத்தையும் எங்களுக்குத் தாரும். மழையைத் தாரும். அதைத் தேக்கிவைக்கக் கைகளையும் தாரும். எங்கள் ஆராதனையைக் கேட்கிற தெரு, எங்கள் நடக்கையையும் கண்டு உம்மை மகிமைப்படுத்தட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. கன்வென்ஷனில் முகமுகமாய்ச் சந்திப்போம்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் அன்பு சகோதரனும் போதகரும்